தம்பி எடுத்த கூழைக்கடாப் படங்கள்

ஒட்டுசுட்டான்
12.02.1998

அன்புள்ள மகள் சிவரூபிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் சுகமாயிருக்க வேணுமெண்டு தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுறன். நாங்கள் சுகமெண்டு எழுதத்தான் கை வருகுதில்லை, ஆனா இருக்கிறம். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது, சாப்பாடுதான் இறங்குதில்லை, கதையும் குறைஞ்சுபோச்சு. பின்னேரத்தில பேராத்தங்கரையில போய் நிண்டு கூழைக்கடாக்களைப் பார்த்திட்டு வாறார்.

செத்துப்போன தம்பியின்ர முகம் மறந்துபோயிடுமோ எண்டு பயமாக்கிடக்கு, ஒரு படம் அனுப்புங்கோ எண்டு எழுதியிருந்தாய். அவன்ர முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு வைக்க எங்களிட்டையே ஒண்டும் இல்லை பிள்ளை. கிளிநொச்சியால ஓடி வரேக்க அல்பம் அலுமாரிக்குள்ளேயே கிடந்துபோச்சு. வெறும் விளக்கைத்தான் ஏத்தி வைச்சனாங்கள். நீ அனுப்பின கமராவுக்குள்ள அவன் எடுத்து முடிச்ச பிலிம் ஒண்டு இருந்தது. பக்கத்துக் கொட்டில் இரஞ்சிதமக்கா பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகேக்க கழுவிக்கொண்டு வரச் சொல்லிக் குடுத்துவிட்டனான். ஒரு மூலையிலாவது அவன் இருப்பானெண்டு அவ வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்.

எல்லாம் கூழைக்கடா. பட்ட மரத்தில இருக்கிறது, சொண்டுப் பைக்குள்ள மீனோட அண்ணாந்து நிக்கிறது, தண்ணியை அடிச்சுக்கொண்டு எழும்புறது. எங்களையும் ஒருக்கா எடனடா எண்டு எத்தினை தரம் கேட்டனான். நீங்கள் எங்க போகப்போறியள் அம்மா, மழைத்தண்ணி வத்தினா இதுகள்தான் போயிடுங்கள் எண்டு சிரிப்பான். உனக்கு விசரடா எண்டு பேசிப்போட்டு விட்டிடுவன். போயிடுமெண்டு சொன்னதுகள் இன்னும் ஆத்திலதான் நிக்குதுகள். எனக்கு அதுகளைக் கண்ணிலயும் காட்டக்கூடாது, அப்பாவுக்கு அதுகளைப் பாராமல் இருக்க ஏலாது.

கடைசிப் படத்தில மட்டும் பறவையளுக்கு முன்னால நான் நிக்கிறன். அண்டைக்குச் சோறு ஆறுதெண்டு அவனைக் கூப்பிடப் போனனான், எடுத்தது எனக்குத் தெரியாது. தலையும் சீவி இழுக்கேல்லை, இடுப்பில கையை வைச்சுக்கொண்டு வாயைத் திறந்து பேசிக்கொண்டு நிக்கிறன். அதைத்தான் இதோட வைச்சிருக்கிறன்.

கமராவுக்குப் பதிலா மலேரியாக் குளிசை அனுப்பியிருந்தால் தம்பி இருந்திருப்பான் எண்டு எழுதினாயே, இனி அப்பிடி எழுதாதை. இஞ்ச மருந்து வரவிடாததுக்கு நீ என்ன செய்வாய். இடம்பெயர்ந்து வந்த பிறகு அவன் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சதெண்டால் அந்தக் கமராவோடதான். நீ சாப்பிடாமல் கிடந்து அழுகிறாயெண்டு மருமகன் எழுதியிருந்தார். பிள்ளைத்தாச்சி நேரத்துக்குச் சாப்பிட வேணும், காலுக்கு மேசு போடாமல் பனிக்குள்ள இறங்காதை.

அம்மாளாச்சி உங்கள் மூண்டு பேரையும் காப்பாத்துவா. படத்தில நான் அவலட்சணமா நிக்கிறனெண்டு எடுத்து ஒளிச்சு வைச்சிடாதை, பத்திரமா வைச்சிரு. தம்பியின்ர முகம் நினைவு வராட்டி என்ர கண்ணைப் பார் பிள்ளை. அதில நான் பாத்துக்கொண்டு நிக்கிறது அவனைத்தான்.

உன்ர அம்மா,
அமராவதி