மஞ்சள் வண்டிக்குப் புது கிராஸ்

செப்டம்பர் 27

செவிலிமேடு பாலத்தின்மேல் வண்டிக்கு அடியில் டணார் என்று ஒரு சத்தம். அதோடு சரி. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பின்னால் ஒருத்தன், "லேடி டிரைவராப்பா?" என்றான். பதினோரு வருடம் ஸ்கூல் பிள்ளைகளை இதே வண்டியில் ஏற்றி இறக்கியவள் நான். இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஸ்கூல் கழித்துப் போட்ட வேன் இது. சீட்டைப் பிடுங்கிக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறேன். நானும் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போகலாம் என்று கல்யாணமான புதிதில் பேசியது. எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது போல.

செப்டம்பர் 28

மூத்தார் ஆனந்தகுமார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ரிப்பேர் பண்ணிக்கோ. திருமுக்கூடல் வரைக்கும் ஒரு தபா போய்ட்டு வா. வழில நின்னுச்சுன்னா காயலான் கடைக்குப் போட்டுடலாம். அந்த எடத்துல இன்னொரு தறி போடலாம்."

அவர் தம்பி, என் வீட்டுக்காரர் உமாபதி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தறியில் பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். வாயில் கொழுக்கட்டை.

செப்டம்பர் 30

வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் சாமுவேல் அண்ணன் வந்தார். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்டில், மூட்டுக்கு மூட்டு கிராஸ் என்று ஒன்று இருக்கும். அது தேய்ந்து உடைந்திருக்கிறது. ஷாஃப்டை இரண்டு துண்டாக உருவிப் புது கிராஸ் அடித்தார். சாக்பீஸால் என்னவோ கோடு கிழித்து, துண்டுகளைப் பலகைமேல் வைத்தார். "பூஜை லீவு முடிஞ்சதும் வந்து மாட்டிடறேம்மா" என்றார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. தறி, சைக்கிள், அரிவாள்மனை, வண்டி, அந்த ஷாஃப்ட் துண்டுகள் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மூத்தார் பார்த்துவிட்டு, "ஓடாத வண்டிக்குப் பொட்டு ஒண்ணுதான் கொறைச்சல்" என்றார். அதற்காகவே ஒன்று விடாமல் குங்குமத்தை அப்பி அப்பி வைத்தேன்.

அக்டோபர் 6

லீவு முடிந்து ஸ்கூலின் புது வேனை ஓட்டிவிட்டு வந்தால், என் வண்டியில் ஷாஃப்ட் ஏறியிருக்கிறது. "போட்டாச்சு" என்றார் இவர். சாமுவேல் அண்ணன் வந்தாரே, அவருக்கு ஒரு டீயாவது கொடுத்தாரா? தெரியாது.

அக்டோபர் 8

தறியில் உட்காரவே மாட்டேன் என்கிறார் இவர். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். வாங்கி வைத்த எலுமிச்சம்பழமெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மூத்தார் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். நான் இவரைப் பார்த்துக் கடிக்கிறேன்.

அக்டோபர் 11

போச்சு. எல்லாம் போச்சு.

திருமுக்கூடலுக்குக் கிளம்பினோம். நாற்பதில் போகும்போதே வண்டி உதற ஆரம்பித்தது. அடுப்பு ஆடுகிறது, டம்ளர் உருள்கிறது, என் பல் தந்தியடிக்கிறது. ஐயம்பேட்டை தாண்ட முடியவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்பினோம்.

திருப்புவதற்கு முன் அங்கேயே சாமுவேலுக்குப் போன் போட்டேன். "டூப்ளிகேட் கிராஸைப் போட்டு ஏமாத்திட்டீங்களே, நீங்கல்லாம் எப்படிக் கோயிலுக்குப் போய் முட்டி போடறீங்க?" அவர், "யம்மா, நான் எங்கம்மா..." என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன். பக்கத்தில் இவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்! பெண்டாட்டி கத்துகிறாள், இந்த மனுஷனுக்கு வயல் கேட்கிறது!

காயலான் கடைக்காரனை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார் மூத்தார்.

அக்டோபர் 12

சர்ச்சிலிருந்து நேராக, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார் சாமுவேல் அண்ணன். "என் பொண்ணு பிரசவம்னு மெட்ராசுல இருந்தேன். நான் எங்கம்மா மாட்டுனேன்? கோட்டுக்குக் கோடு நேரா வெச்சு மாட்டணும், இல்லன்னா வண்டி உதறும், நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு இவருக்குப் போன்லயே சொன்னனே!"

அதே சட்டையோடு வண்டிக்கடியில் போனார். வெளியே வந்தபோது கட்டைவிரல் சிவப்பாக இருந்தது. "கோட்டையே காணம். இது யாரு வெச்ச பொட்டு?"

கோட்டைக் கழுவியதும் நான், பொட்டு வைத்ததும் நான். இவர்தான் வாயைத் திறந்தார். "கோடு இல்லண்ணா. ரெண்டு துண்டுலயும் ஒரு பொட்டு இருந்துச்சு. அதான் அடையாளம்னு நெனச்சி, பொட்டுக்குப் பொட்டு நேரா வெச்சி நான்தான் மாட்டுனேன்."

"நீங்களா?" என்றேன்.

"லீவு முடியறதுக்குள்ள உன்ன கூட்டிக்கினு போலாம்னு பார்த்தேன். ஒரு நாள் தள்ளிப்போச்சு. கைல கிரீஸ் போகவே இல்ல, வாணி. பட்டுல பட்டா கறையாயிடும். அதான் தறில உக்காரல."

எலுமிச்சம்பழம் போன இடம் தெரிந்தது. யாரைத் திட்டுவது? நேற்று சாமுவேல் அண்ணன் மேல் அத்தனை பழி விழும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இவரைத் திட்டினேன். வாசலில் வந்து நின்ற காயலான் கடைக்காரனைத் திட்டி அனுப்பினேன். சாமுவேல் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "கொழந்தைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "ஷாரோன்" என்றார், கோபம் குறையாமலே. ஷாஃப்டைக் கழற்றி நேராக மாட்டிவிட்டு, இந்தத் தடவை உளியால் கோடு வெட்டினார். "இத கழுவுங்க பார்ப்போம்."

அக்டோபர் 18

திருமுக்கூடல். அறுபதில் வந்தேன், ஒரு டம்ளர் ஆடவில்லை. நேற்றுத்தான் இவர் முகூர்த்தப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது, இனிக் கொஞ்ச நாளைக்குத் தறி ஓடாது.

மூத்தாருக்குப் போன் போட்டேன். "போனது பெருசில்ல, திரும்பி வந்தாத்தான் கணக்கு" என்றார். எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. பதில் சொல்வதற்குள் இவர் போனை வாங்கினார்.

"இப்ப வரலண்ணா. இப்படியே திருவண்ணாமல போறோம். தீபாவளி கழிச்சுத்தான் வருவோம்."

அந்தப் பக்கம் கத்தல் எனக்கே கேட்டது. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், சொன்னதை மாற்றவில்லை. பிறகு போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது.

டீ ஆனதும் கிளம்ப வேண்டும்.