நாலு எலிகளின் சராசரி

மார்ச் 3

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனை எடுக்காதவர்கள் யாரும் மெலிந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் எழுதுகிறேன்.

உன் மென்பொருள் ஓர் உலக அதிசயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. விஷம் கொடுத்தால் எலி கொழுக்குமாம்.

எங்கள் ஆய்வகத்தில் குழந்தைகளின் பால்புட்டி கழுவும் திரவம் ஒன்றைச் சோதிக்கிறோம். குழுவுக்குப் பத்து எலி. ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர், அடுத்ததற்குத் திரவம் கொஞ்சம், கடைசிக் குழுவுக்கு நிறைய. அந்தக் கடைசிக் குழுவில் ஆறு எலிகள் செத்துப்போயின. நானே அறுத்துப் பார்த்தேன். ஆறின் ஈரலும் வெளுத்து வீங்கியிருந்தது.

எடைகளை எல்லாம் உன் மென்பொருளில் ஏற்றினோம். அது வண்ணம் வண்ணமாகப் படம் போட்டுச் சொன்னது: நிறையக் குடித்த குழுதான் எல்லாவற்றிலும் கனம், அதில் உயிர் பிழைத்தவை நூறு சதவீதம். அதையே அறிக்கையாக்கி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

செத்த எலியை யாரப்பா கடைசி நாளில் தராசில் வைப்பார்கள்? அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையைக் கண்டதும் உன் மென்பொருள் அந்த எலியின் வரிசையையே தூக்கி எறிந்துவிட்டது. எறிந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மிச்சம் இருந்தவை, செத்தவற்றின் பங்குத் தீனியையும் சேர்த்துத் தின்ற நாலு தடியன்கள். நாலில் நாலும் உயிரோடு. கணக்கு சரிதான், வெட்கம்தான் இல்லை.

என் தம்பி செய்தது என்று சொல்லித்தான் இதை இங்கே வாங்க வைத்தேன். எங்களைப் பார்த்து இன்னும் ஏழு ஆய்வகங்கள் வாங்கின. அங்கெல்லாம் செத்தவை எத்தனை காணாமல் போயினவோ. எல்லோருக்கும் எழுது. பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்க்கச் சொல்.

அம்மா உன்னைக் கேட்டாள்.

அக்கா


மார்ச் 9

எலி டாக்டர் அக்காவுக்கு,

உன் அன்பு மடல் கிடைத்தது. படித்ததும் காது குளிர்ந்தது.

கையேட்டின் 212ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார். 'வெறுமையான கட்டங்களைக் கையாளும் முறையைப் பயனர் தேர்வு செய்ய வேண்டும்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். நீ படித்திருக்க மாட்டாய். துவைக்கும் இயந்திரம் வாங்கியபோது அதன் கையேட்டை மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தவள்தானே நீ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுகிறேன், போதுமா? எல்லோருக்கும் எழுது என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். எழுதினால் மறுநாளே கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஒரு பெரிய ஆய்வகம் இப்போதுதான் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆறு எலிக்காக என் ஆறு வருஷ உழைப்பைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறாய். உனக்கு எப்போதும் எலிகள்தான் சொந்தம், தெரிந்ததுதானே.

அந்த அறிக்கையில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு. அம்மாவிடம் எதையும் உளறாதே.

உன் தம்பி


மார்ச் 14

துரைக்கு,

212ஆம் பக்கத்தைப் படித்தேன். தேர்வு செய்ய வேண்டும் என்கிறாய், சரி. எந்தத் திரையில், எந்தப் பொத்தானில்? ஆய்வகத்தில் மூன்று பேர் தேடினோம். இல்லாத பொத்தானுக்குக் கையேடு எழுதியவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். அதற்காகவாவது உனக்கு ஒரு மாலை போட வேண்டும்.

நேற்று இயக்குநர் கூப்பிட்டார். "கம்ப்யூட்டரே நூறு சதவீதம்னு சொல்லிருச்சு. கையெழுத்துப் போட உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"அப்ப ஃப்ரீசர்ல இருக்கிற ஆறும் என்ன சார், தூங்குதா?" என்றேன்.

"உங்க தம்பி செஞ்சதுதானே? நீங்களே நம்பலைன்னா எப்படி?"

மாதக் கடைசி வரை தவணை கேட்டு வந்தேன்.

பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? மதிப்பெண் அட்டையில் தோற்ற பாடங்களின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தேறியவற்றை மட்டும் கூட்டி, "அப்பா, சராசரி எழுவது" என்பாய். அவரும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கட்டைவிரலைத்தான் இப்போது மென்பொருளாக்கி விற்கிறாய். அப்பாவை ஏய்த்தாய், போகட்டும். இது கைக்குழந்தையின் வாயில் போகிற புட்டி.

மாதக் கடைசிக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். நீயே எழுதுவதுதான் எனக்கு ஆசை. தப்பு செய்தவன் தானே முன்வந்து சொன்னான் என்ற பெயராவது மிஞ்சும். இத்தனைக்கும் பிறகு உன் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறேன் பார், அதுதான் என் வியாதி.

"அவன்கிட்ட கொஞ்சம் நயமாச் சொல்லும்மா" என்கிறாள் அம்மா. நயமாகச் சொல்லிச் சொல்லித்தான் நீ இந்த லட்சணத்தில் இருக்கிறாய்.

அக்கா


மார்ச் 27

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஆய்வகம் ஒன்றில், பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் தரவுகள் முழுமையாகப் பதிவு செய்யப்படாமல், தவறான முடிவு பெறப்பட்டதாக அறிகிறோம். மென்பொருளில் பிழை ஏதும் இல்லை. எனவே முந்தைய அறிக்கைகளை மறுபடி ஆராய வேண்டிய அவசியம் இல்லை. தங்கள் தொடர்ந்த நம்பிக்கைக்கு நன்றி.

நிறுவனர்

(பேனாவில்) அக்கா, எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. அந்த மரியாதையையாவது நினைத்துப் பார்.


ஏப்ரல் 4

நிறுவனர் அவர்களுக்கு,

வாடிக்கையாளர் எழுதிக்கொள்வது.

உங்கள் சுற்றறிக்கை வந்தது. பெயரைப் போடாத பெருந்தன்மைக்கு நன்றி. மறுநாளே இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டார். ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். ஆறு பைகளையும் பார்த்தார். கதவை அவரே மூடினார். கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்திருந்த அறிக்கையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஏழு ஆய்வகங்களுக்கும் எழுதிவிட்டேன். ஆறு எலிகளின் எடைகள், ஈரலின் படங்கள், இல்லாத பொத்தானின் 212ஆம் பக்கம், உங்கள் சுற்றறிக்கை எல்லாம் சேர்த்தே அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. தேடிப் பார்த்தார்களாம். அவர்களுடைய செத்தவையும் அறிக்கையில் இல்லையாம். அதில் ஓர் இடத்தில் சோதித்தது இருமல் மருந்து.

அம்மாவுக்குச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். பிள்ளை எழுதியது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ. அந்த வேலைக்காரப் பிள்ளையை ரொம்பத் திட்டிடப் போறாங்க" என்றாள். யார் பெற்ற பிள்ளை என்று நான் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால் என் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் நலம் என்றே வரும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்