ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு வராத ராஜா

8 மார்ச் 2004, திங்கள்
நானும் என் நண்பன் தியோடரும் பத்து வருடம் முன்பு எழுதிய ‘நாலு கோட்டை’ விளையாட்டைப் புதிய கம்ப்யூட்டர்களுக்காக மறுபடி வெளியிடப் போகிறார்கள். ஆபீஸில் எனக்குக் கைதட்டல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டிக் காட்டினேன். இன்றைய மெஷின் வேகத்தில் முப்பது வருடப் போர் மூன்று விநாடியில் முடிந்துவிட்டது. சோதனை செய்கிற லாவண்யா கேட்டாள்: “சார், நாம ஜெயிச்சமா, தோத்தமா?” தெரியவில்லை என்றேன். எழுதியவன் நான்!

10 மார்ச்
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியீடு என்கிறார் வக்கீல். தியோடரா? அவன் என்னோடு பேசியே எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடம் முன்பு விளையாட்டு கடைக்கு வந்தபோது பெட்டியின் மேல் என் பெயர் மட்டும்தான் இருந்தது. “இடம் இல்லையாம்டா” என்றேன். இடம் இருந்தது. என் பெயரை அவ்வளவு பெரிதாகப் போடச் சொன்னதே நான்தான்.

14 மார்ச், ஞாயிறு
ஞாயிறும் ஆபீஸ். வேகத்தைச் சரி செய்தாயிற்று. இப்போது எதிரி ராஜா அசைய மாட்டேன் என்கிறான். கோட்டை வாசலைத் திறந்து வைத்தும் வரவில்லை. உள்ளே புரோகிராம் எழுதியிருக்கிற லட்சணம் – கண்றாவி. “இது தியோடர் வேலை. அவன் எப்பவுமே இப்படித்தான்” என்று லாவண்யாவுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

15 மார்ச்
இன்று ராஜா பாய்ந்து வருகிறான். நான் எதையுமே தொடவில்லை. சரி செய்துவிட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்தேன்.

17 மார்ச்
லாவண்யா கண்டுபிடித்துவிட்டாள். “தேதியை மாத்திப் பாத்தேன் சார். ஞாயித்துக்கிழமை மட்டும் அவன் சண்டைக்கு வர்றதில்ல. வேணும்னே அப்படி எழுதியிருக்காங்க. பக்கத்துல குறிப்புகூட இருக்கு.”

ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘தியோ சர்ச்சுக்குப் போயிருக்கான். அவன் இல்லாம எனக்கு ஆட்டம் வேணாம். ராஜாவும் காத்திருக்கட்டும் – சேஷு.’

சேஷு நான்தான். அந்தக் கண்றாவியும் என்னுடையதுதான். லாவண்யா திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

ஐயோ சேஷு, இப்படி எழுதின நீயாடா அவன் பேரையே தூக்கினே? எங்க போச்சு புத்தி?

20 மார்ச், சனி
பஸ் பிடித்து காக்ஸ் டவுன் போனேன். தியோடர் வீட்டு கேட் முன்னால் பத்து நிமிடம் நின்றேன். “உள்ள வாங்க சேஷு, நாயைக் கட்டித்தான் வெச்சிருக்கு” என்றாள் அவன் மனைவி மௌரீன். நாய்க்குப் பயந்தவன் மாதிரியே உள்ளே போனேன்.

“ஏனு குரு,” என்று பழையபடி கன்னடத்தில் ஆரம்பித்தான் தியோடர், “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

வக்கீல் கொடுத்த பத்திரத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் குறிப்பையும் அதன் பக்கத்துப் புரோகிராம் வரிகளையும் அச்சடித்த தாளைக் கொடுத்தேன். பஸ்ஸில் மூன்று பக்கம் ஒத்திகை பார்த்ததில் வாயில் வந்தது “மன்னிச்சிடுடா” ஒன்றுதான். அவன் இரண்டு முறை படித்தான். மூக்கை உறிஞ்சினான். “புரோகிராம்ல மூணாவது வரியில தப்பு இருக்கு” என்றான். இருந்தது.

“வக்கீல் போன்ல சொல்லிட்டார். எங்க கையெழுத்துப் போடணும்? ஞாயித்துக்கிழமையை மட்டும் எடுத்துடாதே.”

25 ஏப்ரல், ஞாயிறு
சர்ச் முடிந்து தியோ நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். புதுப் பெட்டியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் பேரு இருக்கு. உன் பேரு எங்கடா?”

“இடம் இல்லையாம்டா.”

தியோ என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அவன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சேஷு’ என்று எழுதினான். இடம் நிறைய இருந்தது.