அத்தை கையில் ஸ்டியரிங்

மார்ச் 3, திங்கள்
என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த வங்கி ஊழியர் நட்டநடு ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தினார். சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போயே போய்விட்டார். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? முகத்தில் இருப்பது கண்ணா, கத்திரிக்காயா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாக. சரி, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஓட்டுநர் பள்ளி முதலாளியம்மா கத்தவில்லை. இன்னும் ஒரு புகார் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மார்ச் 4
கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்கிறாள் மனைவி.

மார்ச் 5
எண்ணினேன். ஏழு வருவதற்குள் கார் மருந்துக்கடைப் படியில் ஏறிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி
சதி. மனைவியும் முதலாளியம்மாவும் போனில் கூடிப் பேசி, திங்கள் முதல் எனக்கு ஒரு புது மாணவியை ஒதுக்கியிருக்கிறார்கள். என் மாமியார். யானைக்கு அங்குசம், எனக்கு அத்தை.

மார்ச் 10
அத்தை மூன்றாவது கியரில் கிளம்பப் பார்த்தார். வண்டி குலுங்கி நின்றது. நான் புன்னகைத்தேன். மறுபடி மூன்றாவது. மறுபடி புன்னகை. தாடையெல்லாம் வலி.

மார்ச் 12
வீட்டுக்கு வந்ததும் குக்கர் மூடி திறக்கவில்லை. அதைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். “மூடி என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்றாள் மனைவி. சிரிப்பு வந்தது. அதற்குள் மகள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாக, சத்தமே வராமல். எத்தனை நாளாக இப்படிச் சாத்துகிறாள்? விழுங்கினாலும் தப்பு, கக்கினாலும் தப்பு. நான் என்னதான் செய்ய?

மார்ச் 14, வெள்ளி
வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று முடிவுசெய்தேன். கடைத்தெரு முனையில் அத்தை இண்டிகேட்டர் போடாமல் திரும்பினார்.

“அத்தை, எனக்கு இப்ப கோபம் வருது.”

“எனக்குந்தான் மாப்பிள்ளை. வந்ததுலேருந்து உங்க பக்கத்து பிரேக்கை நீங்களே மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க. வண்டி ஓட்டுறது யாரு?”

அதற்குள் எதிரே ஒரு லாரி. வழக்கமாக என் தொண்டை கிழியும் இடம் இது.

“பயமா இருக்கு அத்தை. ஓரமா ஒதுக்குங்க.”

எங்கிருந்து வந்தது இது? என் குரல்தானா? அத்தை உடனே வேகத்தைக் குறைத்து, அழகாக ஓரங்கட்டினார். தனக்கும் பயம்தான் என்றார். நான் சிரித்த முகமாகவே இருந்ததால், பயமெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாராம். லாரி போன பிறகும் அங்கேயே உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆக, இத்தனை வருடம் கத்தியது கோபமே இல்லையா! பெரிய வாத்தியார்தான் போ.

மார்ச் 18
ஒரு கல்லூரி மாணவனிடமும் பயமாக இருக்கிறது என்றே சொன்னேன். மெதுவாகப் போனான். கத்தினால் பயல்கள் இன்னும் வேகமாக அல்லவா மிதிப்பார்கள்!

மார்ச் 21
இன்று கத்திவிட்டேன். காரில் அல்ல, வீட்டில். பிறகு மகளின் கதவைத் தட்டி, அலுப்பாக இருந்தது, உன் மேல் கோபமில்லை என்றேன். “அதை முதல்லயே சொல்லலாம்ல?” என்றாள். சொல்லலாம்தான்.

மே 11, ஞாயிறு
அத்தைக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனோம். அத்தை ஓட்டினார், பக்கத்து சீட்டில் நான். வழியில் என்ன பார்த்தேன் என்று எழுத எதுவுமில்லை. என் குறட்டைச் சத்தத்தில் ஹாரனே கேட்கவில்லை என்று மகள் புகார் சொல்கிறாள்.