திரும்பி வரும் கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், உன் அருமை மகனின் சட்டையிலிருந்து பிய்ந்து விழுந்த பொத்தான் மீண்டும் தன் பதவியில் அமர்ந்தது! உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கட்டிலைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாளா?

நான் வேலை பழகும் அலுவலகத்தில், ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் கணினியில் சேமிக்கிறோம். கோடுகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் கேட்டதும் பதில் வர வேண்டும். பழகிப் பார்க்க நம் வீட்டையே ஏற்றினேன். ‘எனக்கு அம்மா யார்?’ என்றதும் நீ வந்து நின்றாய். ‘அம்மாவுக்கு மகன் யார்?’ என்றால், ‘யாருமில்லை’ என்றது! என்னிடமிருந்து உனக்குக் கோடு போட்ட நான், உன்னிடமிருந்து திரும்பி வரும் கோட்டைப் போடவே இல்லை.

வேலை சொல்லித்தரும் அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, உங்கம்மா உன்னைக் கைகழுவிட்டாங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா, கம்ப்யூட்டருக்குப் பொறாமை!”

திரும்பும் கோட்டையும் போட்டதும், கண்மூடித் திறப்பதற்குள் என் பெயர் வந்துவிட்டது. உன் மகன் மேதை!

அடுத்த பொத்தானும் ஆடுகிறது. கொஞ்சம் நீல நூல் அனுப்பு. உன் பழைய புடவைத் துண்டில் சுற்றி அனுப்பினால் நூல் சிக்காது.

ஆபீஸைப் பூட்டப் போகிறார்கள், முடிக்கிறேன். ஒரு சின்ன விஷயம். அந்தக் கோட்டைப் போட்டது அக்காதான். பொத்தானைத் தைத்ததும் அக்காதான். கோடு வந்த பிறகு நான் செய்ததெல்லாம், ‘அம்மாவுக்கு மகன் யார்?’ என்று சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும்தான்.

உன் வாலு