மஞ்சள் தண்ணிக்கு ஒரு துப்பாக்கி

பங்குனி 10, வியாழன்

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் அறைகிறது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் நாலு குடம் பிடித்தேன்.

மருமகள் செல்வி திருத்தங்கல் போய்க் கடைக்குச் சரக்கு எடுத்து வந்தாள். மாரியம்மன் பொங்கல் சரக்கு. வளையல், பலூன், கூலிங் கிளாஸ், ஒரு சாக்கு நிறையத் தண்ணீர்த் துப்பாக்கி. போன பொங்கலுக்கு விற்றதில் பாதி ஒழுகி, பெற்றவர்கள் கடை வாசலில் நின்று சண்டை போட்டார்கள். அதனால் ரகத்துக்கு ஒன்று எடுத்து நான் அடித்துப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டபின் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

பார்த்த வரை:

பச்சைக் கைத்துப்பாக்கி. வாசல்படி தாண்டவில்லை. கைப்பிடியில் ஒழுகல். சுடுகிற பிள்ளைதான் முதலில் நனையும். வேண்டாம்.

மீன் மாதிரி ஒன்று. பார்க்க லட்சணம். நாலு அமுக்கில் விசை மாட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கணும்.

முதுகில் மாட்டும் கரடி டேங்க். தோள்பட்டை வார் நூல் மாதிரி. தண்ணீர் நிரப்பினால் அறுந்துவிடும்.

சிவப்பு, நீளம், கீழே பம்பு. நாலைந்து தடவை பம்பு அடித்துவிட்டு விசையை இழுத்தால் எதிர்வீட்டு வேம்பு வரை போகிறது. நல்ல சாமான். ஆனால் தொட்டி சின்னது, மூக்கு ஓட்டையும் ஊசி அளவு. வெறும் தண்ணீருக்குச் சரி.

எனக்கு வெறும் தண்ணீர் வேண்டியதில்லை.

சிவப்பில் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

"அது எதுக்கு அத்த ஒங்களுக்கு?"

"வேல இருக்கு."

பங்குனி 11, வெள்ளி

கமிட்டி மைக் செட் வந்துவிட்டது. சங்கையா மச்சான்தான் இந்த வருசமும் தலைவர். என் அத்தை மகன். முறைக்காரர். வயசுக்கு வந்த நாளிலிருந்து பொங்கல் முடிந்த மறுநாள் மஞ்சள் தண்ணியை அவர் மேல் ஊற்றாமல் நான் விட்டதில்லை. வைக்கோல் படப்புக்குள் ஒளிந்தாலும் இழுத்து ஊற்றியிருக்கிறேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, எல்லா வருசமும். என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார்.

வீட்டுக்காரர் இறந்த வருசம் துக்கம், வெளியே போகவில்லை. அதற்கடுத்து, போன பொங்கலுக்குக் குடத்தோடு போனேன். சங்கையா மச்சான் பெண்டாட்டி குருவம்மா நடுத்தெருவில் என் குடத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். "தாலி அறுத்தவ கை பட்ட மஞ்சத் தண்ணி தீட்டுடி. எம் புருசன் மேல ஊத்தி அவுகளையும் அனுப்பப் பாக்குறியா?" என்றாள். அக்கா, அக்கா என்று அவளைக் கூப்பிட்ட வாய் இது. (இனிமேல் கு. என்றுதான் எழுதுவேன். முழுப் பேர் எழுத மை தண்டம்.)

இன்றைக்கு மைக்கில் மச்சான்: "மாங்கல்யம் இல்லாத தாய்மாருக மஞ்ச நீராட்டுக்கு வீதிக்கு வர வேணாம்னு கமிட்டி சார்பா கேட்டுக்கிடுறோம்." பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

ஒன்று எழுதி வைக்கிறேன். அவரைப் பெற்ற என் அத்தை, தாலி இறக்கிய மறு பொங்கலுக்குத் தன் முறைக்காரர் மேல் ஊற்றினாள். ஊருணிக் கரையில். பச்சைக் கண்டாங்கிச் சேலை. எனக்கு அப்போது பாவாடை கட்டும் வயசு. பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

கை பட்டால்தானே தீட்டு? கை படாமல் அடிக்கிறேன்.

பங்குனி 12, சனி

காற்று இல்லை. புழுக்கம்.

சிவப்பைப் பிரித்தேன். தொட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு லிட்டர் கலர் சோடா பாட்டிலை மாட்டினேன். திருகு வாய் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. இடைவெளி அடைக்க வேண்டியிருந்தது. கம்பெனிப் பழக்கத்தில் காகிதத்தை மைதாப் பசை தடவி இறுக்கிச் சுற்றினேன். வெடிக்குழாய் சுற்றுகிற அதே சுற்று. வெயிலில் காயவைத்தால் கல். தட்டிப் பார்த்தேன், டங் என்றது. பெருமையாக இருந்தது.

தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கூழ். பாட்டில் கழன்று மடியில்.

செல்வி சிரித்துக் குலுங்கிவிட்டாள். "தண்ணித் துப்பாக்கிக்குப் போயி யாராச்சும் காகிதம் சுத்துவாகளா அத்த?"

ஆயுசு பூராவும் ஈரம் அண்டாமல் பார்த்த கை. ஈரத்துக்கென்று வேலை செய்யத் தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

பிறகு பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாசர். மேலே நூல் சுற்று. ஒழுகல் நின்றது.

பங்குனி 13, ஞாயிறு

மூக்கு ஓட்டை வேலை. கோணூசியை அடுப்பில் காய்ச்சிப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியது தப்பு. தண்ணீர் தடியாக வந்து காலடியிலேயே விழுகிறது, மாடு மூத்திரம் பெய்கிற மாதிரி. பால்பாயிண்ட் பேனாவின் நுனிக் கூம்பை வெட்டிச் செருகிச் சுற்றிலும் மெழுகு விட்டேன். இப்போது வேம்பையும் தாண்டிப் போகிறது.

தாண்டிப் போய், சைக்கிளில் வந்த ஒருத்தர் முதுகில். எனக்கு அண்ணன் முறை. மஞ்சளாக இருந்திருந்தால் பெரிய வம்பு, அண்ணன் மேல் ஊற்றக்கூடாது. வெறும் தண்ணீர் என்பதால் தப்பித்தேன்.

"என்னத்தா பேச்சி, இந்த வயசுல துப்பாக்கி?"

"பிள்ளைகளுக்கு டெஸ்டுண்ணே."

"டெஸ்டு நல்லாத்தான் இருக்கு. பனியன் வரைக்கும் வந்துருச்சு."

சாயங்காலம் மஞ்சள் கரைத்து முயற்சி. கடைத் தூள். பத்துத் தடவை அடித்ததும் கூம்பு அடைத்துக்கொண்டது. பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்ட வேண்டும்.

செல்விக்கு விசயம் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப் போய் நின்றாள்.

"அத்த, கோயில் தெருவுல கடை போட எடம் கொடுக்குறது அவுக கமிட்டி. நாளப்பின்ன எடம் இல்லன்னுட்டா?"

"ஒன்னய யாரும் கேட்டா, கிழவிக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சு, நான் சொன்னாக் கேக்கலன்னு சொல்லிரு."

"கிறுக்குன்னா எவனும் நம்ப மாட்டான். திமிருன்னா நம்புவாக."

இவள் எனக்கு ஏற்ற மருமகள். சொன்னதில்லை.

பங்குனி 15, செவ்வாய்

பொங்கல். ஊரெல்லாம் புகை. நான் வீட்டு வாசலில் வைத்தேன், கோயிலுக்குப் போகவில்லை. சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. கமிட்டியோடுதான்.

மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தேன். மேலத்தெரு மாரியக்கா வந்தாள். என்னை மாதிரிதான், அவளுக்கும் புருசன் போய் நாளாகிறது. துப்பாக்கியை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

"பேரனுக்கு."

பேரன் திருப்பூரில். பொங்கலுக்கு வரவில்லை என்று நேற்று அவளே அழுதாள்.

"பச்சை வேணாக்கா. ஒழுகும். சிவப்பு எடு."

"எம்புட்டுத் தூரம் போகும்?"

"பேரன் எம்புட்டுத் தூரத்துல நிப்பான்?"

யோசித்தாள். "டீக்கடை வாசல்ல."

"போகும்."

அதற்குப் பிறகு எங்களை மாதிரியே இரண்டு பேர். பேரனுக்கு, பேத்திக்கு. ஒருத்திக்குப் பிள்ளையே இல்லை. ஒன்றும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தேன். மஞ்சளை வடிகட்டச் சொல்லி மட்டும் அனுப்பினேன்.

பங்குனி 16, புதன்

மஞ்ச நீராட்டு. பம்பு அடித்து அடித்து எழுதக் கை வலிக்கிறது.

கடைத் தூள் சாயம் வெளுத்துவிடும் என்று விடியும் முன் பச்சை மஞ்சளை நானே அரைத்தேன். வடிகட்டினேன். செல்வி இன்னொரு தரம் வடிகட்டச் சொன்னாள். நேரமில்லை என்றேன்.

பத்து மணிக்குக் கொட்டு. சின்னப் பெண்கள் குடத்தோடு ஓட்டம். ஆம்பளைகள் சந்து சந்தாக ஓட்டம். சங்கையா மச்சான் மட்டும் கோயில் முன்னால் நாற்காலியில், புது வேட்டி, தோளில் துண்டு, தலைவர் தோரணை. பக்கத்தில் கு.

நான் கடையிலிருந்து இறங்கினேன். துப்பாக்கி முந்தானைக்குள். கு. பார்த்துவிட்டாள்.

"ஏ பேச்சி, எங்கன வார? மைக்குல சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. கை படக்கூடாதுன்னீக. படல."

எடுத்து அடித்தேன். முதல் அடி நாற்காலிக் காலில். இரண்டாவது நெஞ்சில், பளிச்சென்று. தெருவே கத்தியது. மச்சான் எழுந்தார், நாற்காலி பின்னால் விழுந்தது. மூன்றாவது அடி, ஒன்றும் வரவில்லை. பம்பு அடிக்கிறேன், அடிக்கிறேன். கூம்பில் மஞ்சள் அடைத்துக்கொண்டது.

கு. சிரித்தாள். "சாமி பாத்துக்கிட்டுத்தாண்டி இருக்கு."

அந்தச் சிரிப்பு. நடுத்தெருவில் நின்று யோசித்தேன். துப்பாக்கி எதற்கு? கை தீட்டு என்று அவள் சொன்னதை ஒத்துக்கொண்டுதானே நான் இத்தனை நாளாக வாசர் வெட்டினேன்?

பாட்டிலைத் திருகிக் கழற்றினேன். உள்ளங்கை இரண்டிலும் ஊற்றித் தேய்த்து, மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினேன். பிறகு அவர் எதிரே போய் நின்றேன்.

"மச்சான். ஒங்க அம்மா, எங்க அத்த, தாலி எறக்குன மறு பொங்கலுக்கு ஊருணிக் கரையில ஊத்துனா. பச்சைக் கண்டாங்கி. நீங்க கரையில ஒக்காந்து பனங்கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தீக. இல்லன்னு சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

கொட்டு நின்றுவிட்டது. கு. அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க உள்ள." அவர் அசையவில்லை. இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் கணக்கு.

தலையோடு ஊற்றினேன். பாட்டிலில் இருந்த அத்தனையும். மஞ்சள் அவர் மீசை வழியாக இறங்கி வேட்டி பூராவும். என் கையால் அவர் தோளில் ஒரு தேய்ப்பும் தேய்த்தேன், மிச்சம் வைக்காமல்.

அந்த நேரம் டீக்கடைப் பக்கம் ஒரு சத்தம். மாரியக்கா தன் முறைக்காரரைச் சுவரோடு நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடையது அடைக்கவே இல்லை. சொன்னபடி வடிகட்டியிருக்கிறாள்.

பங்குனி 18, வெள்ளி

கு. வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அவுகளுக்கு ராத்திரியெல்லாம் இருமல். ஏதும் ஆச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன்."

"சுருட்டு பிடிக்கிற மனுசனுக்கு இருமல் வராம என்ன வரும்? அது நான் ஊத்துறதுக்கு முன்னாலயே உண்டு."

"ஞாயித்துக்கெழம கூட்டம். மன்னிப்புக் கேக்கணும்னு பேசிக்கிடுறாக."

"யாரு, நீங்களா?"

போய்விட்டாள். போகும்போது என் கையைப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் போகவில்லை. தேய்க்கவும் இல்லை.

செல்வி சோறு பரிமாறிக்கொண்டே: "கூட்டத்துக்கு நானும் வாரேன் அத்த. கடைய அடைச்சுட்டு."

பங்குனி 20, ஞாயிறு

கோயில் வேப்பமரத்தடி. நல்ல கூட்டம். நான் முன்னால் போய் நின்றேன், ஓரமாக இல்லை. பக்கத்தில் செல்வி. பின்னால் மாரியக்கா, மற்ற இரண்டு பேர். கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

கமிட்டிக்காரர்கள் தலைவருக்காகக் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு பேச்சு. "சாமி குத்தம்." "அபராதம்." "அடுத்த வருசம் இதே கதையாயிரும்." என் வாய் துறுதுறுவென்றது. செல்வி கையை அழுத்தினாள், பொறுத்தேன்.

சங்கையா மச்சான் வந்தார். அதே வேட்டி. துவைத்துத் தேய்த்து, மஞ்சள் அப்படியே, இடுப்பிலிருந்து கரண்டைக்கால் வரைக்கும். வீட்டில் வேறு வேட்டி இல்லாத ஆள் இல்லை அவர். கு. பின்னாலேயே தலையைக் குனிந்து வந்தாள். எல்லாரும் வேட்டியைப் பார்த்தார்கள்.

உட்கார்ந்தார். இருமினார். தொண்டையைச் செருமினார்.

"மொறக்காரி ஊத்துனா, நனைஞ்சேன். எங்கம்மா ஊத்துனதயும் நான் பாத்துருக்கேன். மைக்குல நான் சொன்னது தப்பு. வேற ஏதும் பேசணுமா?"

ஒருவன் மட்டும் அபராதம் என்று இழுத்தான். "நனைஞ்சவன் நான், ஒனக்கு எதுக்குலே அபராதம்?" என்றார்.

எழுந்து போகும்போது என் பக்கம் நின்றார். நான் இன்னும் மன்னிக்கவில்லை, முகத்தை நேராகத்தான் வைத்திருந்தேன்.

"ஏ பேச்சி. இந்த வருசம் நின்னேன். அடுத்த வருசம் ஓடுவேன்."

ஓடட்டும்.