ஐந்து வரியா, ஆறு வரியா

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் வந்தார்கள். மூன்று பேர், மூன்று பை, உருப்படியாக ஒரு வேலை இல்லை. எப்போதோ செத்துப்போன மனுஷனை வாராவாரம் மறுபடி சுட்டுப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அதற்கு எங்கள் கூடம், எங்கள் மின்விசிறி, என் தேநீர்.

யார் யாரென்று எழுதிவைக்கிறேன், பின்னால் படித்துச் சிரிக்க உதவும். ஒருவர் பல் டாக்டர். கை நடுக்கம் வந்து கிளினிக்கை மூடியவர். ஆயுசுக்கும் ஊரை வாயைத் திறக்கச் சொன்னவருக்கு இப்போது யார் வாயைத் திறந்தாலும் பிடிக்கவில்லை. அடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூன்றாவது ஆளுக்கு நாற்பது வயது, குச்சியில் போனை மாட்டிக்கொண்டு அலைகிறார். நான் வைத்த பெயர் ‘சேனல்’. தலைவரைச் சுட்டது எந்தத் துப்பாக்கி என்று தெரியாமல் இவர்களுக்குச் சோறு இறங்காதாம். இறங்கத்தான் செய்கிறது, பிஸ்கட் டப்பாவைப் பார்த்தால் தெரிகிறது.

ஏன் எங்கள் வீடு? சுட்டவனைத் தூக்கில் போட்டாகிவிட்டது. அவனுக்குத் துப்பாக்கி கொடுத்தவர் என்று பதினான்கு வருஷம் உள்ளே இருந்த ஆள் எங்கள் கூடத்தில்தான் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கிழவர். என்னைப் பெற்றவர். சித்தப்பா போனபிறகு வேறு போக்கிடம் இல்லாமல் இங்கே வந்தார். தெருவில் கேட்டவர்களிடம் ‘தூரத்துச் சொந்தம், மாமா முறை’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் வேலை பார்ப்பது காது மெஷின் கடையில். கிழவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் அவரை ஒருநாளும் கடைக்குக் கூட்டிப்போனதில்லை. குத்துமதிப்பாக ஒரு மெஷினை நானே எடுத்து வந்து மாட்டிவிட்டேன். பாதி கேட்கிறது, பாதி கேட்பதில்லை.

இந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது இவர், என் வீட்டுக்காரர். “நாலு பேர் வந்து போனாத்தான் அது வீடு. அவரும் பேச ஆளில்லாம சுவத்தையே பாத்துக்கிட்டிருக்காரு.” பஸ் ஓட்டுகிறவரல்லவா, கை காட்டினவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்கிறார்.

மார்ச் 4

கடையில் ஒருவர் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக்கொண்டு, மனைவி பேசும்போது அணைப்பது எப்படி என்று ரகசியமாகக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கும் ஒன்று வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? பசையில் ஆரம்பிக்கிறேன்.

துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் இருக்குமாம். குண்டு அவற்றில் உரசிக்கொண்டு வெளியே வரும்போது அதன் உடம்பிலும் அதே வரிகள் பதியுமாம். தலைவர் உடம்பிலிருந்து எடுத்த குண்டின் படம் பழைய வழக்குக் கட்டில் இருக்கிறது. அதில் ஆறு வரி. அவரைச் சுட்டதென்று மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே துப்பாக்கி, அதில் எத்தனை? இதுதான் இவர்கள் நான்கு மாதமாக அடித்துக்கொள்ளும் கேள்வி. டாக்டர் ஐந்து என்பார். வாத்தியார், “எண்ணிப் பாக்காம எண்ணிக்கை சொல்லக்கூடாது” என்பார். உடனே சேனல், “சூப்பர் சார், அதை மறுபடி ஒருதடவை சொல்லுங்க” என்று குச்சியை நீட்டுவார்.

போன வாரம் மியூசியத்தில் அனுமதி வாங்கி, பல் அச்சு எடுக்கும் பசையைக் குழலுக்குள் விட்டு டாக்டர் அச்சு எடுத்துவிட்டார். செத்த தலைவருக்குச் சொத்தைப் பல்லா? என்று நான் கேட்டதற்கு இவர் மட்டும் சிரித்தார். அச்சில் ஐந்து வரி. இன்று அதை எங்கள் மேசையில் ஒரு கைக்குட்டைமேல் படுக்கவைத்து மூன்று பேரும் சுற்றி நின்றார்கள், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

பிறகு சேனல் அந்தத் துப்பாக்கியின் படத்தைப் பெரிதாக்கிக் கிழவரிடம் காட்டினார். டாக்டர் அவர் காதில் கத்தினார்: “ஐயா! இதுவா நீங்க குடுத்த துப்பாக்கி?”

கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னுது இல்ல.”

“நல்லாப் பாருங்கய்யா!”

“அதான் சொல்றேன்ல. இது என்னுது இல்ல.”

டாக்டர் அழுதுவிட்டார். வாத்தியார், “நிரூபிக்கப்பட்டது” என்றார், கரும்பலகை இல்லாத குறைதான். ஐந்து வரித் துப்பாக்கியிலிருந்து ஆறு வரிக் குண்டு வராது, அது கிழவருடையதும் இல்லை, ஆகவே போலீஸ் ஏதோ ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்து ஒரு நிரபராதியை உள்ளே தள்ளிவிட்டது. சேனல் என்னிடம் வந்து, “அக்கா, உங்கப்பா நிரபராதி! எப்படி ஃபீல் பண்றீங்க?” என்றார்.

தட்டோடு நின்றேன். தேநீர் ஆறிப்போச்சு என்றேன்.

மார்ச் 10

பள்ளிக்கூடத்தில் என் பெயர் டுமீல். டீச்சர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டாள். அம்மா அவர் வெளியே வருவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் அந்தக் கிழவர். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை, நிம்மதியாக வெறுத்தேன். வெறுப்பும் ஒரு சொத்துதான்.

இப்போது மூன்று வெட்டிப் பயல்கள் பல் பசையை வைத்து அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவர் கொடுக்கவில்லை என்றால்? சும்மா ஒரு மனுஷனை உள்ளே போட்டார்கள் என்றால்? நான் இத்தனை வருஷம் யாரோடு பேசாமல் இருந்தேன்? ஐயோ, எனக்கு ஒண்ணும் புரியல. போங்கடா.

மார்ச் 12

காலையில் தேநீரை வழக்கம்போல் ஸ்டூலில் வைத்துவிட்டு வராமல் கையில் கொடுத்தேன். “சூடா இருக்குது, பாத்து” என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசி எவ்வளவு நாளாச்சோ.

மேலே ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பார்க்கிறேன். இருக்கட்டும்.

மார்ச் 14

அப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். அளவு பெரிசு. கையை மடித்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பொதுக்கூட்டம் போடப்போகிறார்களாம். மண்டபம் பேசியாகிவிட்டது. அப்பாவை மேடையில் உட்காரவைத்து, ‘நான் கொடுக்கவில்லை’ என்று ஊரறியச் சொல்லவைக்க வேண்டுமாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு.

அதற்குள் சண்டை. பேனரில் யார் பெயர் முதலில்? “பசை என்னுது” என்கிறார் டாக்டர். “எண்ணுனது யாரு?” என்கிறார் வாத்தியார். “சப்ஸ்கிரைபர் என்னுது” என்கிறார் சேனல். கல்யாண வீட்டில் மாலை யாருக்கு என்று அடித்துக்கொண்டு மாப்பிள்ளையை மறந்த கதை. அப்பா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார். பாதிக்குமேல் அவர் காதில் விழவே இல்லை.

எனக்கு மண்டப யோசனை பிடித்திருந்தது. மறைப்பதற்கென்ன? அந்த மேடையில், அப்பா பக்கத்தில், நானும் உட்காருவேன். டுமீல் என்று கூப்பிட்டவளுகளெல்லாம் வந்து முன்வரிசையில் உட்காரட்டும்.

மார்ச் 19, புதன்

கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மியூசியத்துக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போகாதவள், அப்பாவைக் கெடுத்த அந்தப் பொய்த் துப்பாக்கியை மேடையேறுமுன் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக, கருப்பாக இருக்கிறது. இதற்கா இத்தனை ஆட்டம்? கீழே பித்தளைச் சட்டத்துக்குள் ஒரு அட்டை: ‘தலைவரைச் சுட்ட துப்பாக்கி’. பார்த்துக்கொண்டே நின்றேன். அட்டையின் அடியில், சட்டத்தின் விளிம்புக்கு மேலே, ஏதோ எழுத்துகளின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. ஒரு கொம்புச் சுழி, ஒரு சின்னப் புள்ளி. இன்னொரு வரி இருக்கிறது. குனிந்தேன். தெரியவில்லை. மண்டியிட்டுக் கன்னத்தைப் பெட்டியில் ஒட்டிவைத்து, சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

‘போன்றது.’

தலைவரைச் சுட்ட துப்பாக்கி போன்றது!

காப்பாளரைத் தேடிப் பிடித்தேன். பாவம், அவருக்கு எதுவும் ரகசியமில்லை. “அசல் கோர்ட்டுல இருந்து வரவே இல்லம்மா. தொலைஞ்சுபோச்சுன்னாங்க. அதே மாதிரி பழசா ஒண்ணு வாங்கி வெச்சாங்க. சட்டம் மாத்துறப்ப அளவு தப்பிப்போய் கடைசி வரி உள்ள போயிடுச்சு.”

“பசை விட்டு அச்சு எடுத்தாங்களே, அவங்ககிட்ட சொல்லலையா?”

“அவங்க எங்கம்மா கேட்டாங்க? அவங்களே பேசிக்கிட்டாங்க. நான் ஏதோ துரு எடுக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

நான்கு மாதம். மூன்று படித்த தலைகள். ஒரு தலைகூடக் குனியவில்லை.

சிரித்துக்கொண்டேதான் படி இறங்கினேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் வரிக் கணக்கு ஒன்றுமே இல்லை. ‘இது என்னுது இல்ல’ என்று கிழவர் சொன்னதும் சரிதான். அது யாருடையதும் இல்லை.

மார்ச் 20

காலையில் பேனாவை எடுத்தேன், மேலே எழுதின ‘அப்பா’வையெல்லாம் அடிப்பதற்கு. இவர் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “சரி, அவங்க துப்பாக்கியக் கேட்டாங்க. நீ அவரைக் கேட்டியா?” என்றார்.

பெரிய நீதிபதி. ஆனால் கேட்டதில்லை, உண்மைதான். அவர் வெளியே வந்தபோது எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து இன்றுவரை ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

சாயங்காலம் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தேன். கத்திக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கத்தினால்தான் கேட்கும். ஜன்னலைச் சாத்தினேன்.

“நீங்க குடுத்த துப்பாக்கிலதான் அவரைச் சுட்டாங்களா?”

“பின்ன?” என்றார், மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி.

“அன்னைக்கு என்னுது இல்லன்னீங்க!”

“படத்தைக் காட்டி இதுவான்னு கேட்டாங்க. அது இல்ல. என்னுதுல பிடி ஒரு பக்கம் ஒடஞ்சிருந்துச்சு. தையல் மெஷின் பலகைய அறுத்து நான்தான் வெச்சேன்.” தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். விரல்களைப் பார்த்தார். “குண்டு போடுற உருளை சுத்தாம மாட்டிக்கும். ஸ்பிரிங் மாத்திக் குடுத்தேன். நான் சரி பண்ணலன்னா வெடிச்சிருக்காது.”

“யாரைச் சுடப்போறான்னு தெரியுமா?”

“தெரியும். கோர்ட்டுல தெரியாதுன்னு சொன்னேன். உங்கம்மா சொல்லச் சொன்னா.”

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பைத்தியக்காரத்தனம், எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே இது!

“தப்புதாம்மா. அந்த ஆளுக்கும் பொண்ணு இருந்துச்சு, உன் வயசு. பேப்பர்ல படம் வந்துச்சு.” பிறகு, “ஊரே கேட்டுச்சு. நீ ஒருத்திதான் கேக்கல. என்னைக்காவது கேப்பேன்னு இருந்தேன்” என்றார்.

ஏன் சொல்லல? நீங்களா சொல்ல வேண்டியதுதானே? வாயில் என்ன இருந்தது, கொழுக்கட்டையா? கத்தினேன். ஜன்னல் சாத்தியும் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேரும் அழுதோம், அசிங்கமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு.

மார்ச் 21

எதையும் அடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவர்கள் வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். போன்றது, காப்பாளர், தையல் மெஷின் பலகை, எல்லாம். போனில் எடுத்த படத்தையும் காட்டினேன்.

டாக்டர் முகம், மரத்துப்போக ஊசி போட்டாற்போல் ஒரு பக்கமாகத் தொங்கியது. வாத்தியார், “எடுகோள் தப்புன்னா விடையும் தப்பு” என்று முனகினார். அடடா, மனுஷர்களுக்கு வெட்கம் வந்துவிட்டதே என்று எனக்கே இரக்கமாகி, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்.

தண்ணீர் கொதிக்கவில்லை, அதற்குள் கூடத்தில் சத்தம்.

“கேள்வி இதுதான். ‘போன்றது’வை மறைச்சது யாரு?” இது டாக்டர்.

“மறைச்சாங்களா, அப்புறமாச் சேத்தாங்களா? மையைச் சோதிக்கணும்” என்கிறார் வாத்தியார். சேனல் குச்சியை நீட்டிவிட்டார். பெரியவர் மனசு தளர்ந்துபோய் யாருக்கோ பயந்து ஒப்புக்கொள்கிறார் என்பதுவரை பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து “நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்” என்கிறார். கேட்க ஒருத்தருக்கும் காது இல்லை. அவருக்கு மட்டும் மெஷின் போதாது, இவர்களையும் சேர்த்து மொத்தம் நான்கு வேண்டும்.

அடுப்பை அணைத்தேன். பைகளை எடுத்துக் கையில் கொடுத்தேன். பல் அச்சைக் கைக்குட்டையோடு டாக்டர் சட்டைப் பையில் வைத்தேன். மண்டபத்துக்கு யாரும் வரமாட்டோம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இவரே போட்டார்.

“அடுத்த வாரம் வரமாட்டாங்களா?” என்று அப்பா கேட்டார், பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 26, புதன்

கோபம் போகவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட இருந்தது. அவர் செய்ததற்குக் கோபப்படாமல் வேறென்ன படுவது? ஆனால் குத்துமதிப்பாக மாட்டிய மெஷினோடு அவரை இன்னும் எத்தனை நாள் உட்காரவைப்பது? ஆட்டோ வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன், முறையாகச் சோதிக்க. மடித்த கையோடு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே நல்ல கூட்டம். முதலாளியம்மா எழுந்து நாற்காலி போட்டு, “யாரும்மா இவர்?” என்றார்.

“எங்கப்பா” என்றேன், மெதுவாக.

பழைய மெஷினைக் கழற்றி நான் கையில் வைத்திருந்தேன். அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, “என்ன கேக்குறாங்க?” என்றார்.

“யாருன்னு கேக்குறாங்க!”

“என்ன?”

“எங்கப்பான்னு சொன்னேன்!”

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மெஷின் மாட்டாதவர்கள்கூட.